பாத்தது ஒரு பக்கம், நெனைச்சது ஒரு பக்கம்

"பாத்தீங்களா சார், நெனைச்சீங்களா?"

பத்து வருஷத்துக்கு முன்னால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அங்கே தினமும் குறைந்தது நாலு தடவை இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் எனக்கு அடுத்த மேஜையில் இருந்த அம்மையார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "நான் இப்டி பேசினத அப்பவே குறிச்சு வெச்சீங்களா, இல்ல இப்போ நெனைச்சுகினு எழுதறீங்களா?" என்று நிச்சயம் போன் வரும். 

எங்களுக்கு சர்வர் பராமரிக்கிற வேலை. மதுராந்தகத்து அரிசி ஆலைகள் தொடங்கி மாமல்லபுரத்து ஓட்டல்கள் வரைக்கும் எங்கள் எல்லை. பில்லும் கணக்கும் படங்களும் சேமித்து வைக்கிற கம்ப்யூட்டர் ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது ஒரு மூலையில், ஏசி ஒழுகுகிற அறையில் இருக்கும். பெரும்பாலும் லினக்ஸ்தான். அழகான படமெல்லாம் காட்டாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும். அது நின்றுபோனால் எங்களைக் கூப்பிடுவார்கள்.

நானும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை நானே சொன்னால் சிரிப்பேன், மற்றவர்கள் சொன்னால் கோபம் வரும். போனை எடுத்த அரை நிமிஷத்தில், "டிஸ்க் போயிடுச்சு சார், மாத்திடலாம், கவலையே படாதீங்க" என்று சொல்லிவிடுவேன். எதிர்முனையில் இருப்பவருக்கு உயிர் வரும். அதே போனை அவர் எடுத்தால், "தெரியலை சார். வந்து பாத்துட்டு சொல்றேன்" என்பார். எதிர்முனையில் இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் போய்விடும்.

ஆனால் அவர் 'தெரியலை' என்று சொல்லும் விதத்தில் தயக்கமே இருக்காது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்கிற மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொல்வார். அப்படிச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அலுவலகச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் காலையில் முதல் ஆளாக வந்து தாளைக் கிழிப்பார். கிழித்ததைக் கசக்கிப் போடாமல் மடித்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொள்வார். எங்காவது மிஷின் பழுது என்று போனால் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கம் நடுவில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார். இடது பக்கம் தலையில் 'பாத்தது' என்று எழுதுவார். வலது பக்கம் 'நெனைச்சது'.

தன் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும்தான் இடது பக்கம் போகும். திரையில் வந்த எழுத்து, விளக்கின் நிறம், மணி எத்தனை, யார் என்ன சொன்னார். மற்றதெல்லாம் வலது பக்கம். 'டிஸ்க் போயிருக்கலாம்', 'கேபிள் லூசாக இருக்கலாம்', 'நேத்து இடி இடிச்சதாலே'. அவருடைய சொந்த யோசனையும் வலது பக்கம்தான், அதில் தனக்கென்று சலுகை கிடையாது. வலது பக்கம் இருக்கிற ஒன்றைச் சோதித்துப் பார்த்து இடது பக்கம் கொண்டுவராமல் ஸ்குரூ டிரைவரைத் தொட மாட்டார். பக்கத்தில் நிற்பவரையும் தொட விடமாட்டார்.

இந்தப் பழக்கம் மிஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் அலுவலகத்தில் வம்பு பேசுகிற சுகமே அவரால் போயிற்று. கணக்கு பார்க்கிற பையன் சிறுசேரியில் வேலை கிடைத்துப் போகப்போகிறான் என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அவனே சொன்னானா?" என்பார் இவர். இல்லை, போனில் யாரிடமோ பேசினான் என்றால், "அப்போ அவன் போன்ல பேசினான், அவ்ளோதான்" என்பார். இதற்கு மேல் எப்படிப் பேசுவது? டீயைக் குடித்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விடுவோம்.

ஒரு மழைக்காலத்தில் மதுராந்தகம் ஏரி உடைந்துவிட்டது என்று போன்களில் செய்தி பறந்தது. என் வீடு மதுராந்தகத்தில், ஏரிக்குக் கீழே, தாழ்வான தெருவில் இருக்கிறது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில். மனைவியின் போன் கிடைக்கவில்லை. நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டேன்.

"யாரு பாத்தாங்க?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"இதுலயுமா மேடம்? என் புள்ளைங்க அங்க இருக்குது" என்று கத்தினேன். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னேன். எழுதும்படியான வார்த்தை இல்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு அரிசி ஆலை இருந்தது. அவருக்குப் போன் போட்டார். "உங்க மொட்டை மாடிலேர்ந்து ஏரி தெரியுமில்ல சார்? ஏறிப் பாருங்க. நான் லைன்லயே கீறேன்." ஐந்து நிமிஷம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் படியில் நின்றபடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கலங்கல் வழியா உபரித் தண்ணி போவுதாம். கரை அப்டியே கீதாம். கரையோரமா லாரிங்க போய்கினு கீதாம். அவரு கண்ணால பாத்துட்டு சொல்றாரு" என்றவர், போனை வைத்துவிட்டு, "இப்போ போங்க. மெதுவா போங்க" என்றார்.

அன்று நான் கிளம்பிய வேகத்தில் போயிருந்தால் வழியில் படாளம் தாண்டியிருக்க மாட்டேன். இது நான் நினைத்தது. வலது பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

இந்த மனுஷியிடம் எரிச்சல்படாமல் இருக்கவும் முடியாது. அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நாங்கள் நாலைந்து பேர் பார்க்கப் போனோம். ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு எங்கள் முதலாளி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "ஒண்ணும் ஆகாதும்மா. பத்து நாள்ல எழுந்து நடப்பீங்க."

"அது தெரியாது சார். ரிப்போர்ட்டு நாளைக்குத்தான் வருது" என்றார் இவர், அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு.

எங்களுக்கெல்லாம் முகம் செத்துப்போயிற்று. பெற்ற தாயின் எதிரில் இப்படியா பேசுவது என்று எனக்கு உள்ளுக்குள் பொங்கியது. அந்த அம்மாள்தான் சிரித்தார். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு இவரைப் படிக்க வைத்தவர். "வுடு நைனா. இவ ஒருத்திதான் எனக்கு நெஜத்த சொல்றா. மத்தவங்க வந்தா எனக்குப் பயமா கீது" என்றார். 

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். சின்ன வயசில் ஏதோ அடிபட்ட கதை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மொதல் வேலைல ஒரு நல்ல டிஸ்கைப் புடுங்கிட்டேன். நேத்து எஸ்டிபின்னு காட்டின டிஸ்கு, ரீஸ்டார்ட் பண்ணதும் எஸ்டிசி ஆயிடுச்சு. மிஷினு எழும்பும்போது எது மொதல்ல கெடைக்குதோ அதுக்குத்தான் மொத பேரு வெக்கும், தெரியுமில்ல? நான் நேத்து பேரை நம்பிகினு கைய வெச்சேன். ஒரு ஸ்கூலோட மார்க்கு மொத்தமும் போயிடுச்சு. அந்த டீச்சருங்க ஒக்காந்து திரும்ப டைப் அடிச்சாங்க. நானும் கூட ஒக்காந்து அடிச்சேன்."

அன்றிலிருந்து டிஸ்கின் முதுகில் அச்சடித்திருக்கும் சீரியல் நம்பரைக் கண்ணாடி போட்டுப் படித்து, உரக்க வாசித்து, தாளில் எழுதிய பிறகுதான் கழற்றுவார். அவ்வளவுதான் கதை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வந்ததே இதைத் தள்ளிப்போடத்தான்.

புதுப்பட்டினத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் எங்கள் வாடிக்கையாளர். மீனவக் குடும்பங்களும் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற குடும்பங்களும் அங்கேதான் ஸ்கேன் எடுப்பார்கள். எடுத்த படமெல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் நாலு டிஸ்கில் சேரும். அங்கே செல்வம் என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாட்ச்மேனாகச் சேர்ந்து, ஜெனரேட்டர் பார்த்து, தண்ணீர் டேங்க் பார்த்து, கடைசியில் கம்ப்யூட்டர் அறையும் அவர் பொறுப்புக்கு வந்திருந்தது. சர்வரை அணைக்கிற கட்டளையை அவர் ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் 'பவர் ஆஃப்' என்றும், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகவும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். சனிக்கிழமை சாயந்திரம் சென்டர் மூடும்போது ஒற்றை விரலால் அதைப் பார்த்துப் பார்த்து அடிப்பார். திங்கள் காலை சுவிட்சைப் போடுவார்.

ஒரு திங்கட்கிழமை சர்வரைப் போட்டதிலிருந்து தொல்லை தொடங்கியது. படம் திறக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. நடுநடுவே மொத்தமும் உறைந்து நின்றது. பிறகு, நாலில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று மிஷினே அறிவித்தது. நான் வழக்கம்போல அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லி, புதன்கிழமை புது டிஸ்கோடு போய் மாட்டினேன். வியாழக்கிழமை அந்தப் புது டிஸ்கும் செத்துவிட்டது என்றது.

டாக்டர் போனில் காரணம் கேட்டார். அந்த ஸ்கேன் சென்டர் அவருடையது. ஏதாவது சொல்லியாக வேண்டும். "சனிக்கிழமை சாயந்திரம் சரியா ஷட்டவுன் பண்ணாம கரண்டை ஆஃப் பண்ணியிருப்பாங்க சார். அதுல டிஸ்க் கன்ட்ரோலர் அடிவாங்கியிருக்கும்" என்றேன். கன்ட்ரோலர் என்பது டிஸ்குகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் அட்டை. டாக்டர் அதையே ஒரு மெயிலாக எழுதி அனுப்பச் சொன்னார். நானும் எழுதி அனுப்பினேன். அன்று சாயந்திரமே, வெள்ளிக்கிழமையோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளும்படி செல்வத்திடம் டாக்டர் சொல்லிவிட்டார்.

மெயிலின் நகலை அடுத்த மேஜை அம்மையார் படித்தார். என் மேஜைக்கு வந்தார். நான் கேள்விக்குத் தயாராக இருந்தேன். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "நாளைக்கு நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் போனோம். சென்டரில் நுழைந்ததும் முதல் வேலையாக, இருக்கிற படங்களையெல்லாம் வெளியே ஒரு டிஸ்கில் நகலெடுக்கப் போட்டார். மிஷின் உறைந்து உறைந்து எழுந்ததால் மூன்று மணி நேரம் ஆயிற்று. நகல் முடிந்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தாளைத் திருப்பிக் கோடு இழுத்தார்.

மிஷின் தனக்கு நடப்பதையெல்லாம் தானே எழுதி வைக்கும். லாக் என்று பெயர், அதனுடைய நாட்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பு என்று வந்த வரியை மட்டும் நான் தேடுவேன். அவர் முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டு, முணுமுணுவென்று வாசித்துக்கொண்டே வருவார். டிஸ்குக்குக் கட்டளை அனுப்பினேன், பதில் வரவில்லை, கன்ட்ரோலரை ரீசெட் செய்கிறேன் என்ற வரி நூற்றுக்கணக்கில் இருந்தது. அவர் ஒவ்வொன்றிலும் எந்த டிஸ்க் என்று எண்ணினார்.

"நாலு டிஸ்குலயும் மாத்தி மாத்தி வருது சார். புதுசுலயும் வருது. நாலுக்கும் ஒரே வாரத்துல வயசாவுமா?"

நாலு டிஸ்கையும் தனித்தனியாக நலம் விசாரித்தார். ஒவ்வொரு டிஸ்கும் தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பு வைத்திருக்கும். செத்துவிட்டது என்று நான் கழற்றிப் போட்டதையும் வாங்கிச் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் நல்ல ஆரோக்கியம். இடது பக்கம் எழுதினார்.

அடுத்து, மிஷினை யார் எப்போது அணைத்தார்கள் என்ற பதிவு. ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகளையும் பின்னோக்கி வாசித்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் முறையாக அணைக்கப்பட்டிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

செல்வம் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "அந்த அட்டைல கீறதத்தான் மேடம் அடிப்பேன். போன வாரமும் அதான் அடிச்சேன். சொன்னா யாரு கேக்கறாங்க?"

"நான் பாத்துட்டேண்ணா. எழுதிகினேன்" என்றார் அவர்.

 மெயிலில் நான் எழுதியது பொய் என்று ஆகிவிட்டது. சரி, போகட்டும், தெரியாமல் எழுதியதுதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. மிஷின் ஒவ்வொரு தடவை எழும்போதும் கன்ட்ரோலரோடு பேசுகிற டிரைவர் என்ற புரோகிராம் தன் வெர்ஷன் நம்பரைச் சொல்லும். போன வாரம் வரைக்கும் ஒரு நம்பர். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து வேறு நம்பர்.

மிஷினை மறுபடி தொடங்கி, தொடக்கப் பட்டியலில் இருந்த பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தார். கர்னல்தான் லினக்ஸின் அடிப்படை. பழையதைப் போட்டால் பழைய டிரைவர் வரும். ஒரு மணி நேரம் படங்களை எழுதியும் படித்தும் சோதித்தார். ஒரு தப்பும் வரவில்லை. மறுபடி புதியதில் தொடங்கினார். பன்னிரண்டாவது நிமிஷம் உறைந்தது. மறுபடி பழையது. சரியாக ஓடியது. கன்ட்ரோலர் அட்டைக்குள் இருந்த மென்பொருள் ரொம்பப் பழசு. டிரைவர் புதுசு. இதன் பேச்சு அதற்குப் புரியவில்லை.

"ஆக, யாரோ அப்டேட் போட்டுகீறாங்க" என்று அந்தப் பதிவைத் திறந்தார். "போன சனிக்கெழமை. பதினொன்னு இருபது. வெளியேர்ந்து வரலை. இந்தக் கீபோர்டுலயே. ரூட்டுல."

 ரூட் என்பது எல்லா அதிகாரமும் உள்ள பொதுக் கணக்கு. அதில் ஆள் பெயர் இருக்காது. அந்த பாஸ்வேர்ட் அன்றைக்கு வரைக்கும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அணைப்பதற்காகச் செல்வத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை நான் பில் போடுகிற பிரின்டரைச் சரிபார்க்க வந்திருந்தேன். செல்வம் எனக்கு டீ வாங்கப் போயிருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, ஒரு நல்லது செய்துவைப்போம் என்று சர்வரில் அப்டேட்டைத் தட்டினேன். டீ வந்தது. பிரின்டர் சரியாகிவிட்டது என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். புதுக் கர்னல் அடுத்த தடவை மிஷினைப் போடும்போதுதான் வேலைக்கு வரும். செல்வம் அன்று சாயந்திரம் முறையாக அணைத்து, திங்கட்கிழமை போட்டார். அதனால் எல்லாருக்கும் அது அவர் கைவேலையாகத் தெரிந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. வியாழக்கிழமை மெயில் எழுதும்போது மனசின் ஓரத்தில் ஏதோ உறுத்தியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், சனிக்கெழமை நீங்க வந்தீங்களே. அப்டேட் போட்டீங்களா?"

"இல்லையே மேடம். பிரின்டரை மட்டும்தான் பாத்தேன்."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு செல்வத்திடம் திரும்பி அதே குரலில் கேட்டார். "அண்ணா, நீங்க போட்டீங்களா?"

"அப்டேட்டுன்னா இன்னான்னே எனக்குத் தெரியாது மேடம்."

அவர் இடது பக்கத்தில் எழுதினார். 'சாரைக் கேட்டேன். இல்லை என்றார்.' அதன் கீழே, 'செல்வத்தைக் கேட்டேன். இல்லை என்றார்.' ஒரே அளவு எழுத்து. வலது பக்கத்தைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, வெறுமையாக இருந்தது.

அவருக்குத் தெரியும். தெரியாமல் இருக்க அவர் என்ன குழந்தையா? ஆனால் நினைத்ததை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க அவரால் முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். பார்க்காத ஒன்றை அவர் சொல்ல மாட்டார், பார்த்தவர் வேறு யாரும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்துவிடுவேன். அந்தப் பெண்மணியின் நேர்மையே எனக்குக் கேடயம். இப்படி ஒரு யோசனை என் மண்டையில் ஓடியதை இன்றைக்கு எழுதவும் கூசுகிறது.

டாக்டரின் அறைக்குப் போனோம். அவர் தாளை முழுக்கப் படித்தார். மிஷின் சரியாகிவிட்டதில் அவருக்கு நிம்மதி. "டிஸ்க் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றீங்க. சந்தோஷம். ஆனா ரெண்டு பேரும் இல்லைன்னா எப்படி?" என்றவர் என்னைக் காட்டிச் சொன்னார். "இவர் இஞ்சினியர். எட்டு வருஷமா எனக்குத் தெரியும். போட்டிருந்தா போட்டேன்னு சொல்லிட்டுப் போறார். செல்வம்தான் எதையோ தெரியாமத் தட்டியிருக்கணும்."

"அது நீங்க நெனைக்கறது சார். தாள்ல அது இல்ல" என்றார் அவர்.

"இருக்கட்டும்மா. ஆனா படம் எல்லாம் நோயாளிங்களோடது. நான் ரிஸ்க் எடுக்க முடியாது."

 செல்வம் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வரப்போகிறவருக்காக ஒவ்வொன்றாகச் சொன்னார். "இது ஜெனரேட்டரு ரூமு சார். இது மேல தண்ணி டேங்கு. இந்தச் சின்னது எக்ஸ்ரே ரூமு பின்வாசலு. உப்புக் காத்துல பூட்டு துருப்புடிச்சுகீது. கதவைக் கொஞ்சம் மேல தூக்கிகினு திருப்பச் சொல்லுங்க. இல்லாட்டி சாவி ஒடஞ்சிடும்."

"நான்தான் போட்டேன்" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். சனிக்கிழமை, பதினொன்று இருபது, செல்வம் அப்போது அறையிலேயே இல்லை, நான்தான் போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை, மெயிலில் எழுதியதும் சற்று முன் சொன்னதும் பொய்.  பாதியில் நிறுத்தவில்லை. அதுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் உண்மையை மட்டும் தொடர்ந்து பேசியதில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவிக்கொத்தைச் செல்வத்தின் பக்கம் தள்ளினார். "மன்னிச்சுக்கோ செல்வம்" என்றார். செல்வம் சாவியை எடுத்துக்கொண்டார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பிறகு டாக்டர் என்னை விட்டுவிட்டு அம்மையாரிடம் பேசினார். "இனிமே இந்த சென்டருக்கு நீங்க வாங்கம்மா. இவர் வேண்டாம். உங்க முதலாளிகிட்ட நானே பேசறேன்."

அது நியாயம்தான். நான் எழுந்து பையை எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. தாளில் கடைசி வரிக்குக் கீழே மணியைப் போட்டு, 'நான்தான் போட்டேன் என்று சார் சொன்னார்' என்று எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவரே வரட்டும் சார்."

"எப்படிம்மா? இப்பத்தான் என் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னாரு. இவரை எதை வெச்சு நம்பறது?"

"நம்பச் சொல்லலை சார்" என்றார் அவர். "யாரும் புடிக்கல, யாரும் பாக்கல. சும்மா இருந்திருந்தா தப்பிச்சிருப்பாரு. இருந்தும் வாயத் தொறந்தாரு. தப்பு பண்ணா நானும் இப்டி வாயத் தொறப்பேனான்னு உங்களுக்குத் தெரியாது. இவரைப் பத்தி இப்போ நீங்க கண்ணால பாத்தீங்க."